சுரங்கத்துக்குள் ஒரு வளைவு

சரக்கு ரயில் நாலு வருஷமாக ஒரே வளைவில் கவிழ்ந்துகொண்டிருந்தது. இதுவரை உயிர்ச்சேதம் இல்லை. விசாரணைக் குழு மட்டும் வியாழக்கிழமை தவறாமல் வந்து, ஆராய்ந்து, ஆப்பிள் கேக் சாப்பிட்டுவிட்டுப் போனது.

"இன்னிக்கும் கவுந்துதுன்னா உங்க ரயில் சங்கத்துக்கு ஒரு பெரிய கும்பிடு," என்றாள் கரின். "இந்த மேஜையைப் பிரிச்சு வித்துட்டு நீங்க என்கூட மில்வாக்கிக்கு, என் வீட்டுக்கே வந்துடணும். கவுழலேன்னா சங்கத்துச் சந்தாவை நானே கட்டிடறேன். அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

அவள் அப்பா வெண்டல் தலையாட்டினார். மேஜை என்று அவள் சொன்னது, நிலவறையையே அடைத்துக்கொண்டிருந்த ஒரு குட்டி நாடு. கோதுமைக் கிடங்கு, ஊசியிலைக் காடு, நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டர் மலை. மலைக்குள் சுரங்கம், சுரங்கத்துக்குள் அந்த வளைவு. ரயிலை ஒரு கையால் தூக்கிவிடலாம்.

அம்மா இறந்த வருஷம்தான் அப்பா தேசிய மாதிரி ரயில் சங்கத்தில் சேர்ந்தார்.

"சேர்ந்து என்னத்தக் கண்டீங்க?" என்றாள் கரின். "மாசம் ஒரு பத்திரிகை, அதையும் பிரிக்கறதில்ல. சட்டைல குத்திக்க ஒரு வில்லை. தண்டவாளம் அளக்க ஒரு தகரத் துண்டு."

"நிபுணருங்க வர்றாங்கல்ல?"

நிபுணர்கள் இருவரும் பூட்ஸை மேலே கழற்றிவிட்டுக் காலுறையோடு நின்றிருந்தார்கள். உறுப்பினர் வீட்டு ரயிலுக்குக் கோளாறு என்றால் சங்கத்தின் உள்ளூர்க் கிளை ஆள் அனுப்பும். லாயிட், ஓய்வுபெற்ற பல் மருத்துவர். டுவேன், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். வளைவை நிமிர்த்திவிட்டுப் போவார்கள். அடுத்த வியாழன் வண்டி மறுபடி கவிழும். குளிரில் தண்டவாளம் சுருங்குகிறது என்பது லாயிட்டின் கோட்பாடு. கோடையில் விரிகிறது என்பார்.

"பல்லுன்னா பிடுங்கியாவது போட்டிருப்பாரு," என்றார் டுவேன்.

"நீ பேசாத. போன வாரம் உன் பஸ்ஸே பனிப் பள்ளத்துல கெடந்துது."

"அதுல பசங்க யாருமே இல்லப்பா."

"அதுங்களுக்கு விவரம் இருக்கு."

லாயிட் கருவிப் பெட்டியைத் திறக்கப் போனார். "வேணாம், வேணாம்," என்றார் வெண்டல் அவசரமாக. "முதல்ல ஓட்டிப் பாத்துடலாம்."

கரின் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். சுவரில் அப்பாவின் கருவிப் பலகை. ஒவ்வொரு ஆணிக்கும் பின்னால் அதில் தொங்க வேண்டிய கருவியின் உருவம் கறுப்பாக வரையப்பட்டிருக்கும். குறடு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் உருவம் மட்டும் இருந்தது. ஒரு திருகாணியைக்கூட இடம் மாற்றி வைக்காத மனுஷர். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ரயில் கிளம்பியது. கிடங்கைத் தாண்டியது, காட்டைத் தாண்டியது. சுரங்கம் இஞ்சினை விழுங்கியது, பிறகு பெட்டிகளை ஒவ்வொன்றாக. எல்லோரும் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். லாயிட் கண்ணை மூடிக்கொண்டார். வெண்டல் மட்டும் மலையைப் பார்க்காமல் மகளைப் பார்த்தார்.

இஞ்சின் மறுபக்கம் எட்டிப் பார்த்தது. பின்னாலேயே எல்லாப் பெட்டிகளும். இரண்டாம் சுற்று. மூன்றாம் சுற்று.

"நாம கையே வைக்கலியே!" என்றார் டுவேன்.

கரின் சொன்ன சொல் தவறாதவள். அங்கேயே போனை எடுத்து, அப்பாவின் உறுப்பினர் சந்தாவைப் புதுப்பித்தாள். "நீங்க ஜெயிச்சுட்டீங்கப்பா."

யாரும் கை தட்டவில்லை. லாயிட் திறக்காத பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

"அப்போ நமக்கு இங்க வேலை முடிஞ்சுது. வர்ற வியாழன்லேர்ந்து ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் வீடு. பாலம் தொங்குதாம்."

"நல்லது," என்றார் வெண்டல். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "நல்லது," என்றார். "கரின், நீ இவங்கள வழியனுப்பு. நான் சுவிட்சை அணைச்சுட்டு வரேன்."

மேலே சமையலறையில் கேக் வெட்டப்படாமல் இருந்தது. பக்கத்தில் நாலு தட்டு, நாலு கரண்டி. அப்பா காலையிலேயே துடைத்து வைத்தவை. மற்ற நாளெல்லாம் இந்த வீட்டில் ஒரே ஒரு தட்டுதான் நனையும் என்பது கரினுக்குத் தெரியும். இன்றுவரை அதை அவள் யோசித்துப் பார்த்ததில்லை.

வாசலில் இருவரும் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நல்லவேளை, லாயிட்டுக்குக் குனிய நேரமாகும்.

"ஒரு நிமிஷம் இருங்க. போனைக் கீழயே விட்டுட்டேன்," என்றாள் கரின், கையில் போனோடு.

படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள். அப்பாவைக் காணோம். வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் பக்கம் போயிருப்பார். குறட்டைத் தேடினாள், ஆணி இன்னும் காலியாகத்தான் இருந்தது. பரவாயில்லை, விரல் போதும். மண்டியிட்டு, தோள் வரை கையைச் சுரங்கத்துக்குள் விட்டு, தண்டவாளத்தைத் தடவிக்கொண்டே போனாள்.

வளைவில் அவள் விரலுக்குத் தட்டுப்பட்டது தண்டவாளம் இல்லை. வெதுவெதுப்பான ஒரு கை. அதில் குறடு.

மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரகசியமாக ஒரு குரல் வந்தது.

"லேசா போதும்மா. போன தடவை நான் ரொம்ப வளைச்சுட்டேன்."