கடைசிக் குழிக்கு எந்த மட்டை?

"அந்த மூணாம் நம்பர் கட்டையைப் பையில வைங்க மாமா. சொன்னா கேளுங்க."

மர்டோ கேட்பதாக இல்லை. மட்டையின் பருத்த தலையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, தூரத்தில் காற்றில் துடித்த கொடியைப் பார்த்தார். தபால் வேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த ஸ்காட்லாந்துக் கடலோர ஊரில் அவருக்குத் தெரியாத வாசற்படி கிடையாது.

கோல்ஃப் கிளப்பின் கோப்பைக்கான இறுதி ஆட்டம். பதினேழு குழிகள் முடிந்து ஆட்டம் சமமாக நின்றது. கடைசிக் குழியில் எதிராளி ஈவனின் பந்து ஏற்கெனவே குழியைச் சுற்றிய பச்சைத் திட்டில், கொடிக்குச் சற்றுத் தள்ளி இருந்தது. மர்டோ அடிக்க வேண்டிய பந்து இன்னும் நடுப் புல்வெளியில். இருநூறு கெஜத்துக்கு மேல் தூரம். திட்டுக்கு முன்னால் குறுக்கே ஓர் ஓடை.

"எதிராளிக்கு யோசனை சொன்னா குழி உன் கையை விட்டுப் போயிடும் ஈவன். விதி தெரியுமில்ல?" என்றாள் நடுவராக நின்ற எல்ஸ்பெத்.

"போனாப் போகட்டும். அவருக்கே குடுத்துடுங்க."

மர்டோ சட்டென்று திரும்பினார். "யாரும் எனக்கு ஒண்ணும் குடுக்க வேண்டாம். எல்ஸ்பெத், இவன் எதுவும் சொல்லல. உன் காதுலயும் எதுவும் விழல."

எல்ஸ்பெத் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்து விட்டுக்கொண்டாள். "இந்தக் காத்துல யாருக்கு என்ன கேக்குது?"

ஈவன் பந்தின் பக்கத்தில் குனிந்தான். முப்பது வயதுகூட ஆகவில்லை. முகமோ அதைவிட மூப்பாகத் தெரிந்தது.

"புல்லைப் பாருங்க. ஆடு ஒட்ட மேஞ்ச மாதிரி இருக்கு. பந்துக்கு அடியில மெத்தையே இல்ல. கட்டையால அடிச்சா எழும்பாது மாமா. தாழப் பறந்து நேரா ஓடைக்குத்தான் போகும்."

"அப்ப இரும்பு மட்டை எடுக்கவா?"

"மூணாம் நம்பர் இரும்பா? அதை வீச இருபது வயசுத் தோள் வேணும். உங்களுக்கு முட்டி வேற மக்கர் பண்ணுது. ஹைபிரிட் எடுங்க. கட்டையுமில்லாம இரும்புமில்லாம நடுவுல ஒண்ணு இருக்கே, அதுதான். பந்தை அள்ளி மேல தூக்கிடும். ஓடையைத் தாண்டி மெத்துன்னு விழும்."

"அது மட்டையா, சூப்புக் கரண்டியா?"

"கரண்டியோ அகப்பையோ, இந்த இடத்துக்கு அதுதான்."

ஈவனே பைக்குள் கைவிட்டு ஹைபிரிட்டை உருவி நீட்டினான். மறு கையால் கோட்டின் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டான்.

"குளிருதா?"

"இல்ல."

"ஜெயிக்க வந்தவன் மாதிரியா இருக்கே நீ? ராத்திரி தூங்கினியா?"

"தூங்கி ரொம்ப நாளாச்சு மாமா."

மர்டோ அவனையே பார்த்தார். பிறகு ஹைபிரிட்டை வாங்கிப் பந்துக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார். அந்த இடத்துக்கென்றே செய்ததுபோல் அது புல்லில் உட்கார்ந்தது. ஈவன் மூச்சு விட்டான். திட்டைச் சுற்றி நின்ற ஊர்க்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மர்டோ நிமிர்ந்தார். ஹைபிரிட்டைப் பைக்குள் செருகிவிட்டு மறுபடியும் அந்தக் கட்டையையே எடுத்தார்.

"மாமா! பிடிவாதத்துக்கும் ஒரு அளவு இருக்கு. அது உங்க உயரத்துக்கு நீளம் வேற. ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை ஓடையில போடுவீங்களா?"

"தள்ளி நில்லு. உன் நிழல் விழுது."

வீசினார். பந்து எழும்பவில்லை. புல்நுனியை உரசுவதுபோல் தாழப் பறந்து, கரையில் ஒருமுறை குதித்து, ஓடைக்குள் போனது.

"மிச்சத்தை விட்டுக்கொடுத்துட்டேன்" என்று மர்டோ கையை நீட்டினார். "கோப்பை உன்னோடது."

ஈவன் அந்தக் கையைத் தொடவில்லை. "எனக்கு வேண்டாம். நான் வாங்க மாட்டேன். தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, ஹைபிரிட் எடுங்கன்னு!" அப்படியே புல்லில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு விசும்பினான்.

மர்டோ முட்டியைப் பிடித்தபடி மெல்லக் குனிந்து அவன் தோளைப் பற்றினார்.

"வாங்கணும்டா. வாங்கிக்கிட்டுப் போய் உன் அம்மாகிட்ட காட்டணும். அடுத்த வருஷமும் விளையாடணும். எவளையாவது கட்டிக்கோ, புள்ள பெத்துக்கோ, வயசாகு. எனக்கு வலிக்கிற மாதிரி உனக்கும் முட்டி வலிக்கட்டும். அதுதான் நீ செய்ய வேண்டியது."

போன கோடையில் கடல்பனி மூடி இந்த ஆட்டம் இதே கடைசிக் குழியில் நின்று, மறுநாள் காலைக்குத் தள்ளிப்போனபோது, நடுப் புல்வெளியில் கிடந்த பந்து மர்டோவின் மகன் லாக்லனுடையது; அவன் இடத்தில்தான் இன்று மர்டோ நின்றார். ஆட்டம் நின்ற அன்று மாலையே மீட்புப் படகில் ஈவனோடு கடலுக்குப் போன லாக்லன், அலை அடித்துக்கொண்டு போன ஈவனைத் தூக்கிப் படகில் போட்டுவிட்டு, தான் ஏறாமலே போய்விட்டான். படகுக்கு அழைப்பு வருமுன், சாப்பாட்டு மேசையில் அவன் மர்டோவிடம் சொன்னது, "காலையில ஹைபிரிட்தான்பா. அதுல சந்தேகமே இல்ல."