பாதை வாசலில் ஒரு கல்

"அந்தக் கல்லைக் கொண்டுவந்து போட்டவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா…" என்று பல்லைக் கடித்தார் பேங்க் அதிகாரி. முழங்காலில் தோல் வழன்றிருந்தது.

"கிடைச்சா?" என்று கேட்டாள் நர்ஸ், பஞ்சில் மருந்தை ஊற்றியபடி.

"சும்மா விடமாட்டேன்."

"எங்க வீட்டுக்காரர்தான் சார். கூப்பிடட்டுமா?"

அதிகாரி அவசரமாக முழங்காலை அவள் பக்கம் நீட்டினார்.

அந்த மலையில் சைக்கிள் ஓட்ட மூன்று பாதைகள். பச்சை போர்டு வைத்தது புதிதாகப் பழகுகிறவர்களுக்கு. நீலம், ஓரளவு கைவந்தவர்களுக்கு. கருப்பு, உயிர்மேல் ஆசை குறைந்தவர்களுக்கு என்பாள் நர்ஸ். மூன்றையும் வெட்டிப் பராமரிப்பவர் அவள் கணவர். அடிவாரத்தில் இல்லை, மேலே பாதைகள் தொடங்கும் இடத்திலேயே இருந்த முதலுதவி அறை அவள் பொறுப்பு.

கருப்புப் பாதையின் வாசலில், இரண்டு மரங்களுக்கு நடுவில், முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். சுற்றிப் போக வழி கிடையாது. முன்சக்கரத்தைத் தூக்கி, உடம்பை முன்னால் தள்ளி, ஒரே மூச்சில் ஏறி இறங்கவேண்டும். பத்துப் பேர் வந்தால் ஏழு பேர் அங்கேயே குப்புற விழுவார்கள். எழுந்து, நொண்டிக்கொண்டே இருபதடி நடந்து அவளிடம் வருவார்கள். கட்டுப் போட்டுக்கொண்டு, நல்ல பிள்ளையாக நீலப் பாதைக்குப் போய்விடுவார்கள்.

"புருஷன் தள்ளி விடறார், பொண்டாட்டி தூக்கி விடறாங்க. நல்ல குடும்பத் தொழில்" என்று டிக்கெட் கவுண்டர் பெண் கேலி செய்வாள். நர்ஸும் சேர்ந்து சிரிப்பாள். ஆனாலும் உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும்.

பெரிய ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு அவள் இங்கே சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. வந்த நாளிலிருந்து முழங்கால், முழங்கை, உள்ளங்கை. வேறு கேஸே பார்த்ததில்லை. அத்தனைக்கும் காரணம் அந்த ஒரே கல்.

வீட்டில் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டாள். போன வாரமும் கேட்டாள். அவர் வாசற்படியில் உட்கார்ந்து சாக்ஸில் ஒட்டியிருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அந்தக் கல்லை எடுத்துட்டா என்ன?"

"இருக்கட்டும்."

"எதுக்கு இருக்கணும்?"

"இருக்கட்டும்னா இருக்கட்டும்."

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் அவருக்கு. தான் வெட்டிய பாதையில் கண்டவனும் கால் வைக்கக்கூடாது என்கிற கர்வம்தான், வேறென்ன? போதாக்குறைக்குத் தினமும் காலையில் கல்லடியில் போய் உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பார். கல்லுக்கு ஒரு சீராட்டு! நாலு நாளாக அவளும் பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுத் தட்டு மட்டும் மேஜையில் டொக்கென்று வந்து விழுந்தது. அவரும் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

அதிகாரி நொண்டிக்கொண்டு வெளியே போனதும், மேனேஜர் ஒரு தாளோடு உள்ளே வந்தார். கல்லை எடுக்கச் சொல்லி அறுபது பேர் கையெழுத்துப் போட்ட மனு.

"நர்ஸம்மா, இதுல நீங்களும் ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா நாளைக்கே அதைப் பேத்து எடுத்துடலாம். முதலுதவி அறையிலேயே சொல்றாங்கன்னா அதுக்கு மேல பேச்சில்ல. உங்களுக்குச் சங்கடம்தான், தெரியும்."

சங்கடம்தான். அறுபது பேருக்குக் கீழே கட்டின மனைவியின் கையெழுத்து. அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தூரமாகப் போய்விடுவார். ஆனால் தினமும் ரத்தத்தைத் துடைக்கிறவள் அவள்தானே?

"குடுங்க சார், போட்டுடறேன்."

மேஜை முழுக்கப் பஞ்சும் மருந்துத் தட்டும். சுவரோரம் ஸ்ட்ரெச்சர் இருந்தது. அவள் அதை ஒரு அலமாரியாகத்தான் பயன்படுத்தி வந்தாள். அதன்மேல் அடுக்கியிருந்த பிளாஸ்திரி டப்பாக்களை ஒதுக்கி, தாளை விரித்து, பேனாவை அழுத்தினாள். தாள் அமுங்கியது. அடியில், வாங்கி வந்தபடியே இன்னும் பிரிக்காத பிளாஸ்டிக் உறை சலசலத்தது.

அவள் கை அப்படியே நின்றது.

"சார், இந்த ஸ்ட்ரெச்சர் எப்ப வாங்கினது?"

"அதுவா? நீங்க சேர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. பழசு கிழிஞ்சே போச்சு. மாசத்துக்கு ரெண்டு பேரையாவது கருப்புப் பாதைப் பள்ளத்துல இருந்து தூக்கிட்டு வருவோம். தொடை எலும்பு, கழுத்து எலும்பு… ஒருத்தருக்கு இன்னும் நடக்க வரல. ஒரு பக்கம் எப்பவும் உங்க வீட்டுக்காரர்தான் பிடிப்பார்."

"கல்லு எப்ப வந்துச்சு?"

"கல்லா? அது வந்து…" மேனேஜர் விரல்விட்டு எண்ணினார். பாதியில் நிறுத்தினார். "அதே மாசம்தான்" என்றார், குரல் இறங்கி.

நர்ஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கல்லின் மறுபக்கத்தில் அவள் கணவர் ஒரு தள்ளுவண்டி மரத்தூளைக் கொட்டிப் பரப்பிக்கொண்டிருந்தார். உள்ளங்கையால் அழுத்தி மெத்தென்று இருக்கிறதா என்று பார்த்தார். திருப்தியில்லை போலிருக்கிறது, இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டார்.

அட மனுஷா, இதை வாய்விட்டுச் சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று நினைத்தாள். நாலு நாளாகத் தட்டை டொக்கென்று வைத்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

தாளை மடித்து மேனேஜர் கையில் கொடுத்தாள்.

"கையெழுத்து தாராளமா போடறேன் சார். அதுக்கு முன்னாடி, இந்த ஸ்ட்ரெச்சர் உறையை நீங்களே உங்க கையால பிரிச்சு வெச்சிடுங்க."