எதிர்த்தீ

“முப்பத்தெட்டு… முப்பத்தொம்பது… ஏம்மா, இந்த அரிவாளை யாரு துடைக்காம வெச்சது? துருப் பிடிக்காதா?”

ஜீப்பை விட்டு இறங்கியதும் விசாரணை அதிகாரியின் காதில் விழுந்த முதல் பேச்சு இதுதான். காட்டுக்குழுத் தலைவி கொட்டகை வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து, தீயணைக்கப் போன கருவிகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவருக்குச் சுருக்கென்றது. காவல்காரர் ஒருவர் தீயில் சிக்கி இறந்து நாலு நாள்கூட ஆகவில்லை; இந்த அம்மாளுக்கு அரிவாள் கவலை!

எண்பது குடும்பங்கள் சேர்ந்து, மொட்டையாகக் கிடந்த சரிவில் இருபத்திரண்டு வருஷமாக வளர்த்த காடு அது. இனி அது அவர்கள் கையில் இருக்குமா, பிடுங்கப்படுமா என்பது அவர் எழுதப்போகிற அறிக்கையில் இருந்தது.

“இப்படித் திரும்பி உட்காருங்கம்மா. அன்னைக்கு நடந்ததை ஒண்ணு விடாமச் சொல்லுங்க.”

“மத்தியானம் ரெண்டு மணி இருக்கும் சார். மேட்டுக் காவல் குடிசையிலேர்ந்து அவருதான் வாக்கிடாக்கில சொன்னாரு, மேற்குச் சரிவுல புகைன்னு. காத்து ஊரைப் பார்த்து அடிச்சுது. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க இருந்துச்சு.”

“எதிர்த்தீ வைக்கச் சொன்னது யாரு?”

“நான்தான்.” குரலில் ஒரு தடுமாற்றம்கூட இல்லை.

“எந்தப் பயிற்சியில கத்துக்கிட்டீங்க?”

“பயிற்சி எல்லாம் இல்ல சார். பெரிய தீ கிட்ட வந்தா மூச்சு இழுக்கும். அதுவரைக்கும் நம்ம மூஞ்சில அடிச்ச காத்து, கணுக்கால் மட்டத்துல திரும்பித் தீயைப் பார்த்துப் போகும். ஒரு பிடி சாம்பலைத் தூவினா தெரியும். அந்த நேரம் பார்த்து ஓடையோரமா பத்த வெச்சா, நம்ம தீ அந்தத் தீயைத் தேடிப் போயிடும். முந்தி வெச்சாலும் ஊரு எரியும், பிந்தி வெச்சாலும் ஊரு எரியும்.”

காட்டுத்தீ பற்றிப் படித்திருந்த அவருக்கு, அவள் சொன்னது சரி என்று தெரிந்தது. அதுவே எரிச்சலையும் கிளப்பியது.

“ரெண்டு தீக்கும் நடுவுல ஒரு மனுஷன் இருந்தது தெரியுமா?”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சுமா?”

“எறங்கிடுங்கன்னு முன்னாடியே சொன்னேன். புகையில எங்களுக்கு எதுவும் தெரியல. தீ எந்தப் பக்கம் திரும்புதுன்னு மேலேயிருந்து சொல்ல அவரு ஒருத்தர்தான் இருந்தாரு. சொல்லிட்டே இருந்துட்டாரு. எறங்க ஆரம்பிச்சப்போ நேரம் போயிடுச்சு. எடது முட்டி மடங்காது அவருக்கு. ஓட வராது.”

வாசல் ஓரமாக நின்றிருந்த நாற்றுப்பண்ணைக்காரர் தொண்டையைச் செருமினார். “சார், நான் ஒண்ணு சொல்லணும்…”

“நீங்க சும்மா இருங்கண்ணே.” தலைவி கையைக் காட்டி நிறுத்தினாள். “சார் எழுதி முடிக்கட்டும்.”

எதையோ மூடி மறைக்கிறார்கள் என்று அதிகாரிக்குத் தோன்றியது. பேனாவை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“சாம்பல் திரும்பினதும் உடனே வெச்சுட்டீங்க. அப்படித்தானே?”

“இல்ல சார். ஆறு நிமிஷம் நின்னேன்.”

“எதுக்கு?”

“ஓடைக்கு வந்து சேர்ந்துருவாருன்னு.” அவள் முதல் முறையாகத் தலையைக் குனிந்தாள். “அந்த ஆறு நிமிஷம் என் தப்பு சார். அதுலதான் அண்ணனோட நாத்துப்பண்ணை மொத்தமும் போச்சு. அதையும் எழுதிக்கோங்க.”

நாற்றுப்பண்ணைக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பண்ணை போன துக்கம் என்று அதிகாரி நினைத்தார்.

“அவரு கடைசியா ஏதாவது பேசினாரா?”

“பேசினாரு. ‘இன்னும் எதுக்கு நிக்கிற, வை’ன்னாரு. வெச்சப்புறம் ஒரு தடவை கூப்பிட்டாரு. ‘அடுப்பை அணைச்சிட்டு வந்தியா’ன்னு கேட்டாரு. அவ்வளவுதான்.”

காற்று பலமாக அடிக்கிற நாளில் வீட்டுக்கு வீடு அடுப்பை அணைத்துவிட வேண்டும் என்பது குழுவின் விதி. அதை அதிகாரி காலையில்தான் படித்திருந்தார். ‘கடைசி நொடியிலும் பாதுகாப்பு விதியை நினைவூட்டினார்’ என்று எழுதிக்கொண்டார். எப்பேர்ப்பட்ட ஆள்! அந்த ஆளைப் பற்றி இந்த அம்மாள் சந்தைக்குப் போய் வந்த கதை மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறாளே!

“செத்துப்போனவரு வீட்டுல நிம்மதியா ஒரு நிமிஷம் நிக்க முடிஞ்சுதாம்மா உங்களால?” பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

“இல்ல சார்.”

அறிக்கையின் கடைசிப் பத்தியை அவர் அங்கேயே எழுதினார். ‘தலைவி எடுத்த முடிவு சரியானது. எண்பது குடும்பங்கள் பிழைத்தன. காடு குழுவிடமே இருக்கலாம். ஆனால், இறந்தவர் மேல் தலைவிக்கு எந்த இரக்கமும் இருந்ததாகத் தெரியவில்லை.’

எழுதியதைச் சத்தமாகவே படித்துக் காட்டினார். காடு குழுவிடமே இருக்கும் என்ற இடத்தில் அவள் கண்ணை மூடித் திறந்தாள். மற்றதைக் கேட்டபடியே, துடைக்காமல் கிடந்த அரிவாளை எடுத்துத் துடைத்தாள்.

அதிகாரி பையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்தார். “இது இறப்பு விவரம். இறந்தவரோட குடும்பத்துலேர்ந்து யாரையாவது கூப்பிடுங்க. கையெழுத்து வேணும்.”

யாரும் நகரவில்லை. தலைவி கையில் ஒட்டியிருந்த கரியை முந்தானையில் துடைத்துவிட்டு, பேனாவை வாங்கி மெதுவாகக் கையெழுத்துப் போட்டாள்.

“ஐயையோ, குழுக்காரங்க போடக் கூடாதும்மா! உறவுமுறைன்னு பக்கத்துல ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதுல நான் என்னன்னு எழுதுறது?”

அவள் படிவத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

“சம்சாரம்னு எழுதிக்கோங்க சார்.”