மாப்பிள்ளையின் கார்

கலீலுர் ரஹ்மான் சைக்கிள் செயினில் விரலைத் தேய்த்து, அந்தக் கிரீஸைச் சட்டையில் பூசிக்கொண்டான். பிறகு வெள்ளைக் காரின் பின்னால் குந்தி உட்கார்ந்து, விளக்குக் கவரின் ஸ்க்ரூவைத் திருகத் தொடங்கினான்.

கார் யாருடையது என்று அவனுக்கே தெரியாது.

ஊருக்கு அனுப்பிய போட்டோவில் அவன் சாய்ந்து நின்றது பக்கத்து ஃபிளாட் எகிப்துக்காரரின் கார். கேசட்டில் பேசி அனுப்பியபோது ‘நம்ம கார்’ என்று வேறு அளந்துவிட்டான். அதை நம்பித்தான் ஷம்சியா வீட்டில் சம்பந்தம் பேசினார்கள்.

இன்று அவளுடைய அண்ணன் முகம்மது சித்தீக், மாப்பிள்ளையை நேரில் பார்க்க ராஸ் அல் கைமாவிலிருந்து அஜ்மானுக்கு வருகிறார். எகிப்துக்காரரோ காரோடு எங்கோ போய்விட்டார். நல்லவேளை, அதே இடத்தில் இன்னொரு வெள்ளைக் கார் நின்றது. சாயம் வெளுத்தால் நிக்காஹ் நின்றுவிடும்.

துடைத்துக்கொண்டு நின்றால் கார் கழுவுகிறவன் என்று நினைத்துவிடுவார்கள். பல்பு மாற்றுகிறவனைத்தான் சொந்தக்காரன் என்று உலகம் நம்பும். கலீலுக்கு வேலை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில். புது பல்புக்குப் பஞ்சமில்லை.

அஸர் தொழுகை முடிந்து, பள்ளிவாசல் பக்கமிருந்து சித்தீக் நடந்து வந்தார்.

“அஸ்ஸலாமு அலைக்கும். என்ன மாப்புள, ரிப்பேரா?”

“வ அலைக்கும் ஸலாம், வாங்க மச்சான். பல்பு போயிருச்சு. நம்ம காரை அடுத்தவன் தொட்டா எனக்குப் புடிக்காது. அதான் நானே...”

சித்தீக் காரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். “போனது வலது பக்கமுல்ல?”

பெண் வீட்டார் சொன்னால் தட்ட முடியுமா? கலீல் கழற்றியதை மறுபடி மாட்டிவிட்டு வலது பக்கம் தாவினான். திறந்தால், நிஜமாகவே பல்பு கருகிக் கிடந்தது. பொய்க்கும் அல்லாஹ்வின் பரக்கத் உண்டு போலிருக்கிறது என்று குஷியாகப் புதியதை மாட்டினான்.

“வண்டி நல்லா ஓடுதா மாப்புள?”

“தங்கம் மச்சான்! நேத்துக்கூட இதுலதான் துபாய் போயிட்டு வந்தேன்.”

“நேத்தா!” சித்தீக்குக்கு ஒரே ஆச்சரியம். “சரி, எரியுதான்னு போட்டுப் பாருங்க.”

கலீல் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தான். “சாவி... மூணாவது மாடியில கெடக்கு மச்சான். ஏறி எடுத்துட்டு வந்துர்றேன்.” ஏறினால் இன்றைக்கு இறங்குவதாக இல்லை.

சித்தீக் ஜிப்பா பையில் கைவிட்டு எதையோ எடுத்தார். கார்க் கதவு திறந்தது.

“ஏறாதீங்க மாப்புள. சாவி எங்கிட்டதான் இருக்கு.”