வாசிப்பு அட்டை

“போச்சு! வல்லரசு உன்னைக் கூப்பிடுறார். உன் படிவக் கட்டைப் பிரிச்சு மேஜை பூரா பரப்பி வெச்சிருக்கார்” என்றார் பக்கத்து இருக்கைக்காரர். ஆபீஸில் அவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர்.

வல்லரசு என்பது மேற்பார்வையாளருக்கு இவர்கள் வைத்த பட்டப்பெயர். காலையில் களப்பணிக்குக் கிளம்புகிறவர்களை வரிசையாக நிற்க வைத்து, “இன்னும் பதினஞ்சே வருஷம். உலகத்துல நம்ம நாட்டை மிஞ்ச ஆள் இருக்காது” என்று சொல்லாமல் அனுப்ப மாட்டார்.



அவள் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. தற்காலிகம். யார் யார் நிரந்தரம் என்ற பட்டியல் வெள்ளிக்கிழமை வருகிறது. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். இந்த வேலை கைநழுவினால் வீட்டுக்குப் போய் என்ன சொல்வது?

வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவது வேலை. ஒன்பதாவது கேள்வி: படிக்கத் தெரியுமா? தெரியும் என்று வாயால் சொன்னால் போதாது. கையெழுத்துப் போட்டாலும் கணக்கில்லை. வாசிப்பு அட்டையை நீட்ட வேண்டும். அதிலிருக்கும் ஒரு வரியைப் படித்துக் காட்டினால்தான் ‘ஆம்’.

“உன் வார்டுல எத்தனை ‘இல்லை’ போட்டே?” என்றார் ரேடியோ.

“நாற்பது.”

“நாற்பதா! நான் ஆறு. இங்க எல்லாருக்கும் அஞ்சு, ஆறுதான். அடுத்த மாசம் வெளிநாட்டுக் குழு வருது. முதலீடு அது இதுன்னு பேச்சு. இந்த நேரத்துல நீ குறுக்க கட்டையைப் போடுறியே?”

“அவங்களால படிக்க முடியலையேண்ணா, நான் என்ன பண்றது?”

“கண்ணாடி இல்ல, வெளிச்சம் பத்தலன்னு நினைச்சுக்கிட்டு ஒரு ‘ஆம்’ போட்டுட்டுப் போவியா... நாட்டைக் காப்பாத்த வந்துட்டா!”

அவள் எழுந்தாள். மேற்பார்வையாளர் அறைக்கு வெளியே சுவரில் வரப்போகிற அறிக்கையின் அட்டைப்படத்தை ஒட்டியிருந்தார்கள். ‘உலக வரிசையில் நாம்’. எண்ணுக்கான கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

“உட்காரும்மா” என்றார் அவர்.

அவள் உட்காரவில்லை. வழி நெடுக மனசுக்குள் ஒத்திகை பார்த்ததை ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

“சார், வேலை போனாலும் போகட்டும். அந்த நாற்பது பேரை என்னால ‘ஆம்’னு மாத்த முடியாது. பொய்க் கணக்கை வெச்சுக்கிட்டு எப்படி சார் வல்லரசு ஆகறது?”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் காதில் பட்டப்பெயர் விழுந்ததாகத் தெரியவில்லை. அல்லது விழுந்து வெகுநாளாகியிருக்கும்.

“மாத்தணும்னு நான் எப்ப சொன்னேன்?”

அவள் விழித்தாள்.

“சொன்னது மேலிடம். அவங்களோட நேத்து மல்லுக்கு நின்னுட்டு வந்திருக்கேன். சந்தேகமா இருந்தா நானே போய்ப் பார்க்கிறேன்னு சொன்னேன். உன் வார்டுல பன்னிரண்டு வீடு, வெயில்ல அலைஞ்சேன். பதினோரு வீட்டுல நீ எழுதினது அட்சரம் பிசகல.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாம எங்க நிக்கிறோம்னே தெரியாம எங்கம்மா போய்ச் சேர்றது?”

அவளுக்கு மூச்சு வந்தது. இந்த மனிதரையா ஐந்து மாதமாகச் சாப்பாட்டு வேளையில் எல்லாரும் சேர்ந்து கேலி செய்தோம்!

“ரொம்ப நன்றி சார்.”

“பன்னிரண்டாவது வீடு ஒண்ணு இருக்கே” என்று அவர் ஒரு படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். “அதுல ‘ஆம்’ போட்டிருக்கே. ஒரே ஒரு படிவம் பொய்யின்னு தெரிஞ்சாப் போதும், மொத்தக் கட்டையும் தள்ளிடுவாங்க. அப்புறம் உன் நாற்பது பேரும் ஒரே நாள்ல படிச்சவங்க ஆயிடுவாங்க.”

கதவு எண்ணைப் பார்த்ததுமே அவளுக்குக் காது சுட்டது. அது அவள் வீடு. அம்மாவின் பெயருக்கு எதிரே, அவளுடைய சொந்தக் கையெழுத்தில், ‘ஆம்’.

“அம்மா கையெழுத்துப் போடுவாங்க சார்...” அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“கையெழுத்து கணக்கில்லைன்னு நாற்பது வீட்டு வாசல்ல நின்னு சொன்னது நீதானேம்மா?”

அவளால் நிமிர முடியவில்லை.

“அம்மா முன்னால அந்த அட்டையை நீட்ட மனசு வரல சார். பையிலேர்ந்து எடுக்கவே இல்ல.”

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் பேனாவின் மூடியைத் திறந்து படிவத்தின் மேல் வைத்தார்.

“நான் யாருன்னு அவங்ககிட்ட சொல்லல. நீ அவங்களுக்கு யாருன்னும் கேட்கல. அட்டையை மட்டும் நீட்டினேன். கையைப் புடவையில துடைச்சுக்கிட்டு வாங்கிப் பார்த்தாங்க. கொஞ்சம்கூடக் கூச்சப்படாம என்ன சொன்னாங்க தெரியுமா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“‘எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. சந்தேகமா இருந்தா எம் பொண்ணைக் கேளுங்க. கணக்கெடுக்கிற ஆபீஸ்லதான் இருக்கா. அவ பொய் எழுத மாட்டா.’”