பூதத்தின் கைதி

பூதம் கைதியைச் சுவரோடு சேர்த்து மோதியது. விலா எலும்பு இரண்டு விரிசல். உயிர்ப் புள்ளி பதினொன்றிலிருந்து ஏழு.

அவசரச் சிகிச்சைப் பிரிவின் ஓய்வறையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ், டீ டம்ளரைக் கீழே வைத்தாள். கதையில் அடிதடி புதிதல்ல. ஆனால் ஆட்டம் நின்றுபோய் இரண்டு மாதமாகிறதே.

அது பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. நடத்துபவன் அவளுடைய தம்பி. அவளும் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும் இன்னும் இரண்டு பேரும் வீரர்கள். யார் எந்தக் குகையில் இருக்கிறார்கள், யாருக்கு எங்கே அடி, எவ்வளவு உயிர் மிச்சம், எல்லாவற்றையும் தம்பி ஒரு செயலியில் ஏற்றுவான். அடுத்த நொடி மற்றவர்கள் போனில் அது தெரியும்.

"வீட்ல பெயின்ட் அடிக்கிறாங்க, கொஞ்ச நாள் யாரும் வரவேண்டாம்" என்று அவன்தான் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நிறுத்தியிருந்தான். ஆட்டம் நின்றும் செயலியில் மட்டும் பூதம் அடித்துக்கொண்டே இருந்தது.

அவள் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தாள். இந்தக் கைதியை அவர்கள் எந்தக் குகையிலும் சந்தித்ததே இல்லை. ஒவ்வொரு அடிக்கும் தேதி, நேரம் இருந்தது. செவ்வாய் காலை எட்டேகால், கொதிநீர், இடது தோள். சனி மாலை ஆறு, இஸ்திரிப்பெட்டி, முதுகு.

மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். "பூதத்துக்கு எதுக்குடா இஸ்திரிப்பெட்டி?"

"நானும் பார்த்தேன்க்கா. அடுத்த ஆட்டத்துக்கு ஏதோ புதுசா கதை கட்டுறாரு போல."

"கொப்புளத்துல சட்டை ஒட்டிக்கிச்சு, தண்ணியில நனைச்சுத்தான் பிரிச்செடுத்ததுன்னு எழுதியிருக்கான். இதெல்லாம் கதை கட்டுறவனுக்குத் தெரியாதுடா. கண்ணால பார்த்திருக்கணும்."

"யாரைக்கா பார்த்திருப்பாரு?" என்றான் மெக்கானிக்.

போன வாரம்தான் தம்பி மனைவி இதே பிரிவுக்கு வந்திருந்தாள். வலது கை விரல் முட்டிகளில் தோல் உரிந்து, புசுபுசுவென்று வீங்கியிருந்தது. "கதவுல நசுங்கிடுச்சு அண்ணி" என்றாள். நர்ஸே மருந்து வைத்துக் கட்டிவிட்டாள்.

"அவன் உன்கிட்ட ஒழுங்கா இருக்கானா?"

"அவருக்கென்ன, தங்கம்" என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நர்ஸின் அம்மாவும் அப்படித்தான் சொல்வாள். உதட்டில் நாலு தையலோடு நின்றுகொண்டு, "உங்கப்பா தங்கம்" என்பாள். அந்த வீட்டில் வளர்ந்தவர்கள்தான் அக்காவும் தம்பியும்.

போன் அதிர்ந்தது. பூதம் கைதியின் கழுத்தை நெரித்தது. உயிர்ப் புள்ளி ஏழிலிருந்து இரண்டு.

தம்பிக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. அவன் மனைவிக்கு அடித்தாள். அதுவும் எடுக்கப்படவில்லை.

"அப்பாவோட கை இவனுக்கும் வந்திருச்சு" என்றாள், மறுபடி மெக்கானிக்கைக் கூப்பிட்டு. "உடனே அவன் வீட்டுக்குக் கிளம்பி வா. பேசுறதுக்கு இல்ல."

நடுப்பகல் வெயிலில் குடியிருப்பின் வாசலில் மெக்கானிக் பெரிய ஸ்பேனரோடு காத்திருந்தான். ஆட்டத்தில் கோடரி சுழற்றும் அரக்கன், நிஜத்தில் ஊசிக்குப் பயப்படுகிறவன். இன்று அவன் முகம் வேறாக இருந்தது. மூன்று மாடியையும் படியிலேயே ஏறினார்கள்.

ஒரே தட்டில் கதவு திறந்தது. தம்பி நின்றான். முழுக்கைச் சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தான். பின்னால் ஒரு நாற்காலி கால் உடைந்து கிடந்தது. தரையில் ரத்தத்தைத் துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை.

"அக்கா, இப்ப வேண்டாம். போயிடு" என்றான், காதோடு சொல்வதுபோல.

கோபம் உச்சத்துக்குப் போனால் அவளுக்குக் குரல் எழும்பாது. கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போய் ஓங்கி ஓர் அறை விட்டாள். அவன் பல் உதட்டைக் கிழித்து, ரத்தம் தாடையில் வழிந்தது.

"எங்கடா அவ?"

அவன் பதில் சொல்வதற்குள் மெக்கானிக் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் சாய்த்தான். வயிற்றில் ஒரு குத்து. அவன் மடங்கியதும் முதுகில் ஸ்பேனர் இறங்கியது.

"உன் மேசையில உட்கார்ந்து நாலு வருஷம் ஆடினேனே. ஒரு பொம்பளையப் போட்டு இப்படி வதைப்பியா?"

தம்பி கையை ஓங்கவில்லை, தடுக்கவும் இல்லை. வலியில் அலறாமல், தன் வாயைத் தானே இறுகப் பொத்திக்கொண்டான். விரல் இடுக்குகளில் ரத்தம் கசிந்தது.

அந்த மௌனம் அவளை இன்னும் வெறியேற்றியது. விழுந்து கிடந்தவனின் தலைமுடியைப் பற்றி முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "சொல்லுடா. அவ உயிரோட இருக்காளா, இல்லையா?"

அவன் கண்கள் சாத்தியிருந்த படுக்கையறைக் கதவுக்குப் போயின. அவன் தலைமுடியை உதறிவிட்டு அவள் அந்தக் கதவை நோக்கித் திரும்பினாள். ஓரடி வைப்பதற்குள் அவன் தரையில் ஊர்ந்து வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டான்.

"மெதுவாக்கா... அவ முழிச்சுக்கிட்டா மறுபடியும் என்னை அடிப்பா."