மவுஸ் மேல ஒரு கை

"இதுல யாரு கை வச்சதுன்னு கண்டுபிடிக்க முடியுமாண்ணே?"

கயல் குரலைத் தணித்துத்தான் கேட்டாள். துணைக்கு வந்த மாமனார் சுருளி கடைக்கு வெளியே தோளில் துண்டோடு நின்றிருந்தார். அவர் காதில் விழுந்துவிடக் கூடாதே என்ற பயம் அவளுக்கு.

தேனி பஜாரில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஜாஸ்பர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன பண்ணுது தங்கச்சி?"

"வீட்டுல இருந்துதான் ஆபீஸ் வேலை பாக்குறேன். மத்தியானம் பன்னெண்டு மணிக்குப் பாப்பாவக் கூப்பிடப் பள்ளிக்கூடம் போவேன். அரை மணி நேரந்தான். வந்து பாத்தா லேப்டாப் அப்படியே நின்னு கெடக்கும். அமத்திப்போட்டு மறுபடி உள்ள போறதுக்குள்ள லேட்டுன்னு விழுந்துருது. இன்னொரு தடவை லேட்டானா வேலை இல்லன்னு நேத்து மெயில் அனுப்பிட்டாகண்ணே."

"வீட்டுக்கு வர்ற பிள்ளைக்கு வேலை எதுக்கு?" என்று கல்யாணத்துக்கு முன்பே மகனிடம் கேட்ட மனுசன் சுருளி. மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் வழக்கம் அந்த அனுமந்தன்பட்டி வீட்டில் கிடையாது. சோறு வேணுமென்றால்கூடப் பேத்தியிடம் சொல்லித்தான் கேட்பார். அப்படியொரு வீம்பு பிடித்த வழக்கம்.

"யாரு மேல சந்தேகம்?"

கயல் வாசலைக் கண்ணால் காட்டினாள்.

"மொதல்ல ரெண்டு நாள் நின்னுச்சு. நான் கை வச்சிருக்குற வரைக்கும் நிக்கல, எந்திரிச்சுப் போனாத்தான் நிக்குதுன்னு வீட்டுல பொலம்புனேன். அப்புறம் பன்னெண்டு நாள் ஒழுங்கா ஓடுச்சு. ஒரு நாள் சீக்கிரமா வந்துட்டேன். மாமா உள்ள உக்காந்து மவுஸ் மேல கை வச்சிருக்காக. என்னையப் பாத்ததும் பேசாம எந்திரிச்சுப் போயிட்டாக. தோட்டத்து மோட்டாருக்குக் கரண்டு வர்றதே மத்தியானந்தான். திராட்சையத் தண்ணியில்லாமக் காயவிட்டுட்டு அந்நேரம் வீட்டுல அவுகளுக்கு என்ன வேலை? மறுநாளே ரூமைப் பூட்டிட்டேன். அன்னைலருந்து தினமும் நிக்குது. என்னமோ பண்ணி வச்சிட்டாக."

"அதான் பூட்டிட்டீங்கள்ல?"

"பூட்டுனப்புறமும் வர்றாகண்ணே. கதவுக்கு முன்னாடியே உக்காந்திருக்காக. பாத்தாலே ஈரக்கொலை நடுங்குது."

ஜாஸ்பர் ஒரு மணி நேரம் லேப்டாப்பைக் குடைந்தார். கொஞ்ச நேரம் கை படாமல் சும்மா போட்டுப் பார்த்தார். மறுபடி குடைந்தார். கயல் நகத்தைக் கடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் எதையும் கெடுக்கல தங்கச்சி. சும்மா விட்டா, கரண்டை மிச்சம் பண்ண பிராசசர் தூங்கப் போகும். உங்களுது ரொம்ப ஆழமாத் தூங்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குது. அதான் நின்னுருது. அந்த ஆழத் தூக்கத்தை மட்டும் நிறுத்திவிட்டுட்டேன். சார்ஜ் கொஞ்சம் வெரசா இறங்கும், அம்புட்டுத்தான். இனிமே பயமில்ல."

"அப்ப அந்தப் பன்னெண்டு நாளு மட்டும் எப்படிண்ணே நிக்காம ஓடுச்சு?"

"இது தூங்காம இருக்கணும்னா மவுஸை அசைச்சுக்கிட்டே இருக்கணும். நீங்க போனதுலருந்து வர்ற வரைக்கும் யாரோ பக்கத்துலயே உக்காந்து அசைச்சிருக்காக. நீங்க பூட்டுனப்புறம் அசைக்க ஆளில்ல."

கயலுக்கு இடுப்பில் செருகியிருந்த ரூம் சாவி உறுத்தியது.

லேப்டாப் பையோடு வெளியே வந்தாள். சுருளி கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டார். இரண்டு எட்டு நடந்தவர் நின்றார். சொல்லிவிடப் பேத்தி அங்கே இல்லை. தொண்டையைச் செருமினார். கல்யாணமாகி வந்த ஆறு வருசத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"சரியாயிருச்சாத்தா? அப்ப இனிமே மத்தியானம் நான் திராட்சைக்குத் தண்ணி பாச்சப் போகலாமா?"